அத்தைக்காக நான் சொன்ன சாட்சி

அமைதியான வீடு என்று யாராவது ஒரு வீட்டைப் புகழ்ந்தால், அந்த வீட்டில் வாய் திறக்காமல் இருப்பவர் யார் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். என் பிழைப்பு அப்படி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் ஹாஸ்டல் சமையல், பெங்களூரில் பிள்ளை பார்க்கிற வேலை, இப்போது கொச்சியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பெரியவருக்குத் துணை. எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஒரு வருடம் இருந்ததில்லை. யார் யார் வீட்டுச் சமையலறையிலோ பாய் விரித்துப் படுத்து எழுந்திருக்கிறேன். சத்தமில்லாத வீடுகள் நிறையப் பார்த்தாயிற்று. நிம்மதியான வீடு ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன். அது எங்கள் வீடு. ஏற்காட்டில் கிளியூர் போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடு. அந்த நிம்மதி நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்தது. எனக்கு அப்போது பத்து வயது.

அதற்கு முன்னால் லைனிலேயே சத்தமான வீடு எங்களுடையதுதான். பத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். எங்கள் சண்டை கடைசி வீடு வரைக்கும் போகும். அப்பா சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பவர். மற்ற மாதங்களில் காப்பிச் செடி கவாத்து. நாளெல்லாம் மரத்தின் மேல் பேச்சுத் துணை இல்லாமல் இருந்துவிட்டு, இறங்கி வீட்டுக்குள் வந்ததும் மொத்தத்துக்கும் சேர்த்துக் கத்துவார். அம்மாவுக்கு அப்படி நேரம் காலம் கிடையாது. விறகு ஈரமாக இருந்தால் விறகோடு சண்டை, ஆள் இல்லாவிட்டால் அடுப்போடு சண்டை. காப்பிப் பழம் எடை போடும்போது தராசில் விரலை வைத்த, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டரை, எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி அம்மா ஒருமுறை கேள்வி கேட்டாளாம். அதற்குப் பிறகு அம்மாவின் மூட்டை வந்தாலே ரைட்டர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அப்பா குடிப்பவரில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். லைன் வீட்டுச் சண்டை என்றதும் கேட்கிறவர்கள் அதையே நினைக்கிறார்கள். எங்கள் அப்பா குடிக்காமலேயே தட்டை எறிவார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வேதக்கோயிலுக்குப் போவோம். போகும்போது சண்டை. அங்கே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார வேண்டும் என்பதால் இரண்டு மணி நேரம் ஓய்வு. திரும்பும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். பத்து வயதிலும் நான் தூக்கத்தில் பாயை நனைத்துக்கொண்டிருந்தேன். அதற்குத் தனியாக ஒரு சண்டை உண்டு.

அந்த வீட்டுக்குத்தான் அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. மலைக்கு ஏறுகிற இரண்டாவது பாதையின் அடிவாரத்தில், குப்பனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், கையில் ஒரு வயர் கூடையோடு வாசலில் நின்றாள். கூடையில் இரண்டு சேலையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய வேதப்புத்தகமும் இருந்தன. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். பத்து நாளா பத்து மாசமா என்று அம்மா அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அத்தை அதற்கும் சிரித்தாள்.

மாமாவை எங்களுக்கெல்லாம் பிடிக்கும். வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அதைவிட, நன்றாகப் பாடுவார். கல்யாண வீடோ துக்க வீடோ, சுற்று வட்டாரத்துச் சபைகளில் அவரைத்தான் பாடக் கூப்பிடுவார்கள். பாடும்போது இரண்டாவது சரணத்தில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மூன்றாவது சரணத்தில் கேட்கிறவர்களுக்கு வரும். அப்படிப்பட்டவரை விட்டுவிட்டு அத்தை ஏன் வந்தாள் என்று லைனில் எல்லோரும் கேட்டார்கள். அத்தை அம்மாவிடம் மட்டும் ஒருமுறை, அவர் கோபக்காரர் என்று சொன்னாள். எந்தப் புருசன் கோவக்காரன் இல்லை என்று அம்மா கேட்டாள். அதற்கு மேல் அத்தை அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வாரம் அவள் ஒன்றும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம், அடுப்புக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்த விறகை எல்லாம் வெளியே பின்பக்கச் சுவரோரமாக அடுக்கினாள். புகை ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். வீட்டுக்குள் மூன்று பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்கலாம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதிச் சண்டை விறகால் வந்திருக்கிறது.

பிறகு ஒரு சட்டம் கொண்டுவந்தாள். வேலை முடிந்து யார் வீட்டுக்குள் வந்தாலும், அவர்கள் வரக்காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் யாரிடமும் பேசக் கூடாது. நல்ல சேதியானாலும் கூடாது. அப்பா வருவார். கால் கழுவ வெந்நீர் இருக்கும். உட்காருவார். கருப்பட்டி போட்ட காப்பி வரும். அம்மாவுக்கு அன்றைக்கு எஸ்டேட்டில் நடந்தது முழுவதும் தொண்டையில் நிற்கும். அத்தை விரலை உதட்டில் வைப்பாள். அப்பா கடைசி வாய் குடித்து டம்ளரைக் கீழே வைக்கிற சத்தத்துக்காக நாங்கள் மூன்று பேரும் காத்திருப்போம். அந்தச் சத்தம் கேட்பதற்குள், கத்த வந்தவருக்குக் கத்தத் தோன்றாது. முறையிட வந்தவளுக்கு முறையீடு பாதி மறந்துபோயிருக்கும்.

சாயந்திரம் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம். அதற்குப் பிறகு ஆமென் சொல்வதற்கு முன்னால், அன்றைக்கு யார் மனதையாவது நோகடித்திருந்தால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நானும் அம்மாவும் கேட்டுவிட்டோம். அப்பா மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு தப்பித்தார். நான்காம் நாள் அத்தை ஆமென் சொல்லாமலே உட்கார்ந்திருந்தாள். களி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அப்பா எதிரில் இருந்த புதுச் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்து, மன்னிச்சுக்கோ என்றார்.

"ஏனுங்க, எங்கிட்டக் கேட்டீங்களா, செவுத்துகிட்டக் கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

"ரெண்டு பேத்துகிட்டயும்தான்" என்றார் அப்பா.

அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சண்டை என்று நினைத்து ஓடிவந்தாள்.

இதெல்லாம் இன்று சொன்னால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் டிசம்பர் பாதியில் அப்பா தட்டை எறிவது நின்றுபோயிருந்தது. ராத்திரி அடைமழை பெய்தாலும் நான் காலையில் காய்ந்த பாயில் எழுந்தேன். அம்மா பழம் எடுக்கும்போது பாடினாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். சாயந்திர ஜெபத்துக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் உட்கார ஆரம்பித்தார்கள். சாமி கும்பிடுகிறவர்களும் வந்தார்கள். இந்த ஊட்டுல கொஞ்ச நேரம் உக்காந்தா நொம்ப ஆறுதலா இருக்குது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தையின் ஜெபத்தில் பொய் இல்லை. அதை இத்தனை ஊர் சுற்றிய பிறகும் சொல்வேன். கர்த்தர் அந்த வீட்டுக்கு வந்திருந்தார். தங்கியிருந்தார். அதற்குப் பிறகு நடந்ததுக்கு அவரைப் பொறுப்பாக்க எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமைதோறும் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். வீட்டுக்குப் பின்னால் சாக்குப் படுதா கட்டிய மறைப்புதான் குளிக்கிற இடம். முதுகுக்கு எண்ணெய் தேய்க்க என்னைக் கூப்பிடுவாள். அம்மாவைக் கூப்பிட்டதில்லை. முதல் சனிக்கிழமை ரவிக்கையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தபோது நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றுவிட்டேன். முதுகு முழுக்க எட்டணாக் காசு அளவில் வட்ட வட்டமாகத் தழும்புகள். சில கறுத்திருந்தன. சில இன்னும் சிவப்பாக, தொட்டால் வழுக்கின. இடுப்புக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு இருந்தது.

"என்னங்கத்தை இது?" என்று கேட்டேன்.

"பாத்துக்க கண்ணு" என்றாள். "நல்லாப் பாத்துக்க."

அவ்வளவுதான் சொன்னாள். நான் நன்றாகப் பார்த்து, ஒரு இடம் விடாமல் எண்ணெய் தேய்த்தேன். பட்டறையில் தீப்பொறி தெறித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டறைக்குள் அத்தை எதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே சொன்னாள். நல்லாப் பாத்துக்க கண்ணு. நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நன்றாகத் தேய்த்தேன்.

சாட்சி என்றால் என்ன என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் ஒரே ஒரு கஷ்டம். பிறகு ஜெபம். பிறகு கஷ்டம் மாறிய விதம். முடிவில் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கரடியூரிலிருந்து வரும் ஒரு பாட்டி ஒருமுறை எழுந்து, மகன் சோறு போடுவதில்லை என்று ஆரம்பித்தாள். மாறிய கதை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மருமகள் தள்ளிவிட்டதைச் சொன்னாள், கை வீங்கியதைச் சொன்னாள், மறுபடியும் சோற்றுக்கே வந்தாள். போதகர் முன்வரிசையைப் பார்த்தார். முன்வரிசை ஒரு பாட்டை எடுத்தது. பாட்டி பாட்டு முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சாட்சியில் கெட்டது நீண்டால் பாட்டு வந்துவிடும் என்று நான் கற்றுக்கொண்டேன்.

சின்னப் பிள்ளைகள் சொல்லும் சாட்சிக்கு எங்கள் சபையில் தனி மதிப்பு. முந்தின வருடம் ஒரு பொடியன் எழுந்து, எங்கப்பா பீடியை விட்டுட்டாரு, ஸ்தோத்திரம் என்றான். அவன் அப்பாவின் சட்டைப்பையில் அப்போதும் ஒரு கட்டு இருந்தது. ஆனால் அந்த மனுஷன் வெட்கப்பட்டு அன்றோடு உண்மையிலேயே விட்டுவிட்டார். பிள்ளைகளின் வாயில் கர்த்தர் பேசுகிறார் என்று போதகர் அதிலிருந்து அடிக்கடி சொல்வார். பெரியவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள், குறைத்துச் சொல்வார்கள், பிள்ளை உள்ளதை அப்படியே சொல்லும் என்பார். அத்தை அதைக் கேட்டிருந்தாள்.

பிப்ரவரியில் மிளகு பறிப்பு தொடங்கியது. மாமா போதகருக்குப் போன் செய்தார். தான் மனம் திரும்பிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு வீட்டு ஜெபம் வைத்து, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு மனைவியை அழைத்துக்கொண்டு போக விரும்புவதாகவும் சொன்னார். போதகர் அப்பாவிடம் சொன்னார். அப்பா அத்தையிடம் சொன்னார். அத்தை, செரிங்கண்ணா, போதகரய்யா வந்து விசாரிக்கட்டும் என்றாள். அவளைப் போகச் சொல்வதா, வேண்டாமா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிடும் என்று எனக்கும் தெரிந்தது. அவள் போகக் கூடாது. போனால் விறகு மறுபடியும் உள்ளே வந்துவிடும்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அத்தை திரும்பாமலே பேசினாள்.

"நாளைக்கு உன்னயச் சாட்சி சொல்லச் சொல்லுவேன் கண்ணு. பயப்படாம, நீ பாத்ததச் சொல்லோணும்."

"எல்லாத்தையும்ங்களா?"

"பாத்தது எல்லாத்தையும். நான் சொன்னா எடுபடாது. உங்கம்மா சொன்னா வாய்க்காரின்னு சொல்லிருவாங்க. நீ சொன்னாத்தான் எடுபடும்."

நான் சொல்கிறேன் என்றேன். அன்று முழுவதும் விறகு பொறுக்கிக்கொண்டே சாட்சியைச் சொல்லிப் பழகினேன். என் கணக்கு தெளிவாக இருந்தது. அத்தை எவ்வளவு நல்லவள் என்று சொல்லிவிட்டால் போதும். இவ்வளவு நல்லவளை யாராவது அனுப்பிவைப்பார்களா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதகர் வந்தார். மாமாவும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். மாமா எனக்கு ஒரு பொட்டலம் பன் வாங்கி வந்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பாயில் உட்காராமல் வெறும் தரையில் உட்கார்ந்தார். போதகர் கேட்டுக்கொண்டதால் ஒரு பாட்டுப் பாடினார். இரண்டாவது சரணத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, கோபத்தில் வார்த்தையை விட்டுவிட்டேன், கர்த்தர் என்னை உடைத்துவிட்டார் என்று அழுதார். வார்த்தை என்றுதான் சொன்னார். அப்பாவுக்கும் கண் கலங்கியது. போதகர் நல்லவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவர் மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அத்தையின் பக்கம் திரும்பி, நீ என்னம்மா சொல்றே என்று உண்மையாகவே கேட்டார்.

அத்தை சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றாள். "இந்த ஊட்டுல ஒரு சாட்சி இருக்குதுங்க. அதைக் கேட்டுப்போட்டு நீங்க முடிவு பண்ணுங்க."

என்னைப் பார்த்தாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போதகர் சிரித்துக்கொண்டே, வா சாமி, வந்து சொல்லு என்றார். நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமாவின் முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. பாட்டுப் பாடிய களைப்பு என்று நினைத்தேன்.

நான் சொன்னேன். முன்னாடி எங்க ஊட்டுல தினம் சண்டை என்றேன். அப்பா தட்டை எறிந்ததையும் அம்மா கத்தியதையும் ஒரே வரியில் முடித்தேன், முறை அதுதான் என்பதால். பிறகு அத்தை வந்தாள் என்றேன். விறகு வெளியே போனதைச் சொன்னேன். காப்பிச் சட்டத்தைச் சொன்னேன். அப்பா சுவரிடம் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னபோது போதகர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பாய் நனைப்பது நின்றதைக்கூட வெட்கப்படாமல் சொன்னேன். எல்லாம் அத்தையோட ஜெபத்தால என்றேன். இப்ப எங்க ஊட்டுல சமாதானம் இருக்குது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஒரு தப்பு இல்லாமல் சொல்லி முடித்தேன். போதகர் கண்ணை மூடி, ஸ்தோத்திரம் என்றார். மாமா எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

அத்தை மட்டும் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற எதாச்சும் பாத்தயா கண்ணு?" என்று கேட்டாள். குரல் மெல்லியதாக இருந்தது. "யோசிச்சுச் சொல்லு. எங்கிட்ட வேற எதாச்சும் பாத்தயா?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். சனிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்ததா என்று இன்றுவரை என்னையே கேட்டுப் பார்க்கிறேன். வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது ஸ்தோத்திரத்தில் முடியாத விஷயம். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, கரடியூர்ப் பாட்டி மாதிரி நின்று பாட்டு வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. அதோடு, ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அத்தையின் முதுகைப் பற்றிச் சொன்னால் அவளுக்குத்தானே வெட்கம்?

"எங்கத்தை ராகிக் களி நல்லாக் கிண்டுவாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

போதகர் பேசினார். கர்த்தர் இந்தப் பிள்ளையின் வாயால் பேசிவிட்டார் என்றார். நமக்கு இருந்த குழப்பம் தீர்ந்தது என்றார். பிறகு அத்தையிடம், மனம் நிறைந்து, ஒரு வரம் பெற்றவளிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்:

"உங்கண்ணன் ஊட்டையே மூணு மாசத்துல இப்படி மாத்திப்போட்டயேம்மா. உன் சொந்த ஊட்டை மாத்த எத்தன நாளாகும்? இந்தச் சமாதானத்த அங்க கொண்டு போ."

அந்த இடத்தில் அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். எல்லோருக்கும் காப்பி ஊற்றி டம்ளர்களைக் கொடுத்து முடித்திருந்தாள். அம்மாவுக்குத் தழும்பு தெரியாது. ஆனால் அத்தையின் குனிந்த தலையில் எதையோ பார்த்துவிட்டாள். ரைட்டரிடம் கேள்வி கேட்டபோது இருந்திருக்கக்கூடிய முகம் அது. இடுப்பில் கையை வைத்து, ஏனுங்க ஐயா, ஒரு நிமிசம் என்று ஆரம்பித்தாள்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. "காப்பி குடிச்சு முடியட்டும்" என்றார்.

வீட்டுச் சட்டம். அம்மா வாயை மூடிக்கொண்டாள். மூன்று மாதம் பழகியது அது. நாங்கள் எல்லோரும் பேசாமல் இருந்தோம். போதகர் ஊதி ஊதிக் குடித்தார். அவர் டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டபோது, அத்தை எழுந்துபோய் வயர் கூடையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போதகர் கடைசி ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். ஜெபத்தின் நடுவில் பேச அம்மாவாலும் முடியாது.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனாள். குப்பனூரில் தண்ணீர் சேந்தப் போனவள் கால் வழுக்கிக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்றார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவள். பாசி படிந்த பாறையில் இரண்டு குடம் சுமந்து ஏறுகிறவள். போலீஸ்காரர் ஒருவர் வந்து அப்பாவிடம் விசாரித்தார். முன்பு ஏதாவது தகராறு உண்டா, சாட்சி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். போலீசிலும் சாட்சி சொல்வார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பா இல்லைங்க என்றார். அவருக்குத் தெரிந்து இல்லைதான். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு மாமாதான் பாடினார். இரண்டாவது சரணத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. கல்லறையில் கர்த்தருக்குள் இளைப்பாறுகிறாள் என்று எழுதி வைத்தார்கள்.

நான் அம்மாவிடம் முதுகைப் பற்றிச் சொன்னது அதற்கும் வெகுநாள் கழித்து. பள்ளிக்கூடத்தை விட்ட வருடம். அம்மா கேட்டு முடித்தாள். காப்பியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் விறகை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, பழையபடி அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். அன்று சாயந்திரம் ஜெபத்துக்கு உட்காரவில்லை. அதற்குப் பிறகு என்றைக்கும் உட்காரவில்லை. வீட்டில் மறுபடியும் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தேவலாம் போலிருந்தது. ஆனாலும் நான் அங்கே நிற்கவில்லை. திருப்பூருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டேன். அத்தையைத் தேடியோ, மனசைத் தேற்றிக்கொள்ளவோ ஊர் ஊராகப் போகிறேன் என்று சொன்னால் அது பொய். ஒரு வீட்டில் எல்லாரும் அமைதியாகப் பழகிவிட்டால் எனக்கு அங்கே இருப்புக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

நான் சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர்களைப் பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். பனி இறங்கி ரோட்டை மூடியிருந்தது. மாமாவும் அவர் அண்ணனும் முன்னால் ஏறிவிட்டார்கள். அத்தை படியில் ஒரு கால் வைத்தவள், இறங்கி என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நான் நினைக்கவில்லை. திட்ட என்ன இருக்கிறது? ஒரு தப்பு இல்லாமல் சொல்லியிருந்தேன். பாராட்டுவாள் என்றே எதிர்பார்த்தேன். அவள் என் ஸ்வெட்டரின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள். பிறகு கண்டக்டர் விசில் அடித்ததால் ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சாய்ந்து உட்காரவில்லை, முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பஸ் நகர்ந்தபோது வெளியே எட்டிப் பார்த்து, "பாத்துக்க கண்ணு" என்றாள்.

ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே. பார்த்துக்கொள்கிறேன் அத்தை என்று நானும் கையை ஆட்டினேன். எதை என்று கேட்கத் தோன்றவில்லை.